மாவு மிஷின் நின்ற நேரம்

உத்திரமேரூர் கடைத்தெருவில் நான் வேலை பார்த்த ஆடிட்டர் ஆபீசுக்குப் பதினேழு படிகள். ஒன்பதாவது படி மட்டும் மற்றவற்றைவிட இரண்டு விரல் உயரம் அதிகம். புதிதாக வருகிறவர்கள் அதில் கட்டாயம் இடறுவார்கள். கையில் வரி நோட்டீசோடு பதறி வருகிற வியாபாரிகள் ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை என்று இரண்டு தடவை இடறுவார்கள். கொத்தனாரை வைத்துச் செதுக்கிவிடலாம் என்று சேர்ந்த முதல் வாரமே சொன்னேன். அதன்பின் பத்தொன்பது வருடம் சொன்னேன். படி அப்படியேதான் இருந்தது.

எங்களுக்குக் கீழே மாவு மிஷின். காலை ஒன்பதரைக்கு அதை ஓட்ட ஆரம்பித்தால் எங்கள் தரை மெல்ல நடுங்கும். மேஜைமேல் வைத்த மைக்கூடு தானாக நகரும். ஒரு நாள் ஸ்கேல் வைத்து அளந்தேன். பத்து மணியிலிருந்து பன்னிரண்டுக்குள் மூன்றரை அங்குலம். மேஜை விளிம்புக்கு இன்னும் எவ்வளவு மிச்சம் என்ற கவலையிலேயே எனக்குப் பாதி நாள் போகும்.

ஆபீசில் நாங்கள் நான்கு பேர். பலகைத் தடுப்புக்குப் பின்னால் ஆடிட்டர். காஞ்சிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வெளியே ஹெட் கிளார்க், நான், டைப்பிஸ்ட் அம்மாள். ஹெட் கிளார்க்குக்கு ஐம்பது தாண்டிய வயது. இடது காது கேட்காது, வலது காது அரைவாசி. ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டார். "இந்தச் சனியன் புடிச்ச மிஷின் ஓடினா எவனுக்குதான் காது கேக்கும்?" என்பார். மிஷின் ஓடாத நேரத்திலும் அதையேதான் சொல்வார். டைப்பிஸ்ட் அம்மாளுக்கு என் வயதுதான், இருபத்தைந்து இருக்கும். ஊர்க்கோடியில் மாதா கோயில் தெரு. அவருடைய அம்மாவும் அப்பாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். அந்த ஆபீசில் எதையும் பட்டென்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

எங்கள் வேலையில் பாதி, ஒத்துப் பார்ப்பது. கடைக்காரரின் நோட்டை வைத்துக்கொண்டு ஒருவர் ஒவ்வொரு வரியாக வாசிக்க வேண்டும். எதிரே இருப்பவர் கம்பியில் குத்தி வைத்த பில்களைப் புரட்டி, இரண்டும் ஒத்திருந்தால் பச்சைப் பென்சிலால் ஒரு டிக் போட வேண்டும். வாசிப்பவன் நான், டிக் போடுபவர் ஹெட் கிளார்க். கீழே மிஷின், எதிரே அரைக் காது. ஆகவே நான் வாசிப்பது கிடையாது, கத்துவதுதான். சாயங்காலத்தில் தொண்டை கட்டிப்போய், வீட்டில் என் அம்மாவிடம் சைகையில்தான் சோறு கேட்பேன்.

அந்த வேலைக்கு ஒரு சூட்சுமம் உண்டு. வாசிப்பது என்னவென்று யோசிக்கக் கூடாது. யோசித்தால் வரி தவறிவிடும். கண் பார்க்க வேண்டும், வாய் சொல்ல வேண்டும், புத்தி எங்காவது போய்விட வேண்டும். என் புத்தி வழக்கமாக மைக்கூட்டிடம் போகும்.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம், தீபாவளிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தபோது இது நடந்தது. அப்போது நான் தற்காலிக ஆள். தீபாவளி முடிந்ததும் நிரந்தரம் என்று ஆடிட்டர் சொல்லியிருந்தார். பி.காம். முடித்து இரண்டு வருடம் நான்கு மாதம் சும்மா இருந்தவன் நான். அறுபத்தொரு விண்ணப்பம் போட்டு மூன்று பதில் வந்தது. மூன்றிலும் இல்லை என்றுதான் எழுதியிருந்தது. மானாம்பதிப் பக்கத்திலிருந்து சைக்கிளிலேயே போய்வரக்கூடிய வேலை வேறு எங்கே கிடைக்கும்?

அன்று சந்தை நாள். மத்தியானம் நாலு மணி இருக்கும். கடைத்தெருவின் ஒரே ஸ்வீட் கடையின் கணக்கு என் கையில் இருந்தது. எங்களுக்கு எதிர்ச் சாரியில் ஆறாவது கடை அது. 'சுத்தமான பசு நெய்யில் தயாரித்தது' என்று சிவப்பு எழுத்தில் போர்டு. ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் ஆபீசுக்கு ஒரு பெட்டி வரும். ஆடிட்டர் திறக்கும்போதே கண்ணை மூடிக்கொண்டு, "நெய்னா இதுதான் நெய்" என்பார்.

முந்தின வருடத் தீபாவளி மாதத்துக் கொள்முதலை வாசித்துக்கொண்டிருந்தேன். ஹெட் கிளார்க் கையைக் காதில் குவித்து, "இது யாரு கணக்கு? இன்னா மாசம்?" என்று கத்தினார். அந்த நொடியில்தான் கரண்ட் போயிருக்கிறது. கீழே மிஷின் பெருமூச்சு விட்டு நின்றது. தெருவும் ஏனோ அந்த நேரம் பார்த்து அமைதியாக இருந்திருக்கிறது. என் கண் நோட்டில், புத்தி மைக்கூட்டில். நான் கவனிக்கவில்லை.

"ஸ்வீட் கடை! தீபாவளி மாசம்! வனஸ்பதி பதினோரு டின்! நெய் அரை கிலோ!"

"நெய் எவ்ளோ?"

"அரை கிலோ!"

"கிலோவா, டின்னா?"

"கிலோ! கிலோ! டின்னு வனஸ்பதி! பதினோரு டின்! நெய் அரை கிலோதான்!"

டைப்பிஸ்ட் அம்மாள் கையை ஆட்டி ஆட்டி என்னை அடக்கப் பார்த்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. கீழே யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பிறகு தெருவே சிரித்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அண்ணாந்து நின்ற தலைகள் இருபத்து மூன்று. இருபத்து நாலாவது தலை ஸ்வீட் கடையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

ஒன்பதாவது படியில் இடறிய சத்தம் கேட்டது. கடைக்காரர் கோபம் இன்னும் ஒரு மடங்கு கூடித்தான் மேலே வந்தார்.

"எவன்யா அது? எவன் கத்தினது?"

ஹெட் கிளார்க் முகம் மலர எழுந்தார். "வாங்க, வாங்க. ஒங்க கணக்கதான் பாத்துக்கினு கீறோம்."

"நீ இன்னாயா பாக்கறது? ஊரே பாத்துக்கினு கீது!"

ஆடிட்டர் தடுப்புக்குப் பின்னாலிருந்து வந்தார். "என்ன சத்தம்?"

"சந்தை நாளும் அதுவுமா ஒங்க ஆளு என் சரக்க ஏலம் போடறான் சார்! இன்னா கத்தினான்னு அவனையே கேளுங்க."

ஆடிட்டர் என்னைப் பார்த்தார். "என்னப்பா கத்தினே?"

"தெரியல சார்" என்றேன்.

பொய் இல்லை. என்ன வாசித்தேன் என்று எனக்கு உண்மையாகவே தெரியாது. நோட்டில் விரல் வைத்திருந்த வரியைத் திரும்பப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தடவை மெதுவாகச் சொன்னேன். "வனஸ்பதி பதினோரு டின் சார். நெய் அரை கிலோ."

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் கணக்கில் ஆறு வருடமாகக் கையெழுத்துப் போட்டுவந்தவர் அவர். கடைக்காரரைப் பார்த்து மிகவும் ஆச்சரியத்தோடு கேட்டார். "வனஸ்பதியா? நீங்க நெய்யிலதானே பண்றீங்க? நான் வருஷா வருஷம் சாப்பிடறேனே!"

கடைக்காரர் ஒரு கணம் கூரையைப் பார்த்தார். பிறகு விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"போன தீபாவளிக்கு நூத்தி அறுவது ஆர்டரு. இந்த வருசம் அதுல ஒன்னே ஒன்னு கொறஞ்சாலும் என் நோட்ட எடுத்துக்கினு காஞ்சிபுரத்துக்குப் போய்டுவேன். நான் மட்டும் இல்ல சார். எங்க மச்சானுங்க ரெண்டு பேரு கடையும் என் பின்னாலயே வரும்."

அவர் இறங்கிப்போனார். ஒன்பதாவது படியில் மறுபடி சத்தம். ஆடிட்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோபமில்லாமல்தான் சொன்னார். "மூணு கடை போச்சுன்னா நாலாவது ஆளுக்குச் சம்பளம் கொடுக்க என்னால முடியாதுப்பா. நூத்தி அறுபது. ஞாபகம் வெச்சுக்கோ."

எனக்கா சொல்ல வேண்டும்? தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாகக் கடைக்காரர் ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுவார். ஆக, இருபது நாள். நாளைக்கு எட்டு ஆர்டர் வந்தாக வேண்டும்.

என் நாற்காலியிலிருந்து ஜன்னல் வழியே அந்தக் கடையின் முகப்புத் தெரியும். ஆர்டர் கொடுத்தவர்களுக்கு ஒரு மஞ்சள் சீட்டுக் கிழித்துக் கொடுப்பார். மஞ்சள் சீட்டோடு ஒருவர் இறங்கினால் மை உறிஞ்சும் தாளின் பின்பக்கத்தில் ஒரு கோடு போடுவேன். முதல் நாள் நான்கு கோடு. இரண்டாம் நாள் ஐந்து. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் மழை. இரண்டு நாளுக்கும் சேர்த்து ஒரே ஒரு கோடு. அதுவும் மழைக்கு ஒதுங்கியவர், நின்ற தோஷத்துக்கு ஆர்டர் கொடுத்தார் என்றே எனக்குத் தோன்றியது.

டீக்கடைக்குப் போக முடியவில்லை. "இன்னா சார், இன்னிக்கி எத்தினி டின்னு?" என்று பெஞ்சில் இருந்தவர்கள் கேட்டார்கள். கடையை மாற்றினேன். அடுத்த கடையில் டீ போடுகிறவரே கேட்டார், "சாருக்குச் சக்கரை அரை கிலோவா, பதினோரு டின்னா?"

ஐந்தாம் நாள் ஒரு பெயின்டர் ஏணியோடு வந்து ஸ்வீட் கடை போர்டில் ஏறினார். 'சுத்தமான பசு நெய்யில்' என்ற மூன்று வார்த்தைகளின்மேலும் வெள்ளைப் பெயின்ட் அடித்தார். மிச்சம், 'தயாரித்தது' என்பது மட்டும் நின்றது. மத்தியானம் கடைக்காரர் வாசலில் தொங்கிய கரும்பலகையை ஈரத் துணியால் துடைத்து ஏதோ எழுதினார். அங்கிருந்து எனக்கு எழுத்துத் தெரியவில்லை. என் பெயரைத்தான் எழுதி வைக்கிறாரோ என்றுகூட நினைத்தேன்.

"மனுஷன் போர்டையே அழிச்சுட்டாரும்மா" என்று டைப்பிஸ்ட் அம்மாளிடம் புலம்பினேன். "ஊருக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு."

அவர் டைப் அடிப்பதை நிறுத்தவில்லை. "ஊருக்கு எப்பவோ தெரியும் சார். இந்த ஆபீசுல கீற மூணு பேருக்குத்தான் தெரியாது."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"எங்க அம்மாவுக்கே தெரியும். கையில எடுத்தா வெரல்ல வெள்ளையா ஒட்டுமே. நெய்யி அப்பிடியா ஒட்டும்?"

"தெரியும்னா அவருக்கு ஏன் அவ்வளவு கோபம்?"

"தெரியறது வேற சார். ரோட்டுல நின்னு கத்தறது வேற." டைப்ரைட்டர் வண்டியை டிங் என்று தள்ளிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க ரெண்டு வருசமா அந்த நோட்டக் கத்திக்கினு கீறீங்க. பதினோரு டின்னு வாங்கற மனுசன் அத இன்னா தலைக்கா தடவிக்கினான்னு ஒரு நாளாவது நெனச்சீங்களா?"

நினைக்கவில்லை. நோட்டும் பில்லும் ஒத்திருந்தன. பச்சை டிக் போட்டாயிற்று. நோட்டும் போர்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் வேலையில் வராது. படிகளை எண்ணியவன், மைக்கூட்டை அளந்தவன், இதை மட்டும் விட்டுவிட்டேன். அன்று முழுவதும் அதுவே உறுத்தியது.

கடைசி நாள் மத்தியானம் மூன்று மணிக்கு என் தாளில் தொண்ணூற்றேழு கோடுகள். மூன்று தடவை எண்ணினேன். ஹெட் கிளார்க் நான்காவது தடவை எண்ணித் தொண்ணூற்றாறு என்றார். எனக்கு உயிரே போயிற்று. பிறகு அவருடைய கட்டைவிரலுக்கு அடியில் ஒரு கோடு இருந்தது தெரிந்தது.

"பரவால்ல தம்பி. நான் ஒரு ஆர்டர் போடறேன்" என்று அவர் எழுந்தார். டைப்பிஸ்ட் அம்மாளும் கூடவே போனார். இரண்டு பேரும் மஞ்சள் சீட்டோடு வந்தார்கள். தொண்ணூற்றொன்பது. டைப்பிஸ்ட் அம்மாள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"நூறாவது ஆர்டர நீங்களே போடுங்க சார்."

"நூறு போதாதேம்மா. நூத்தி அறுபது வேணும்."

"போடுங்க சார். ஆனா ஆறு மணிக்கு மேல போங்க."

எங்கள் ஆபீஸ் ஐந்தரைக்கு மூடும். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஆறு மணிவரை ஏன் நிற்கிறோம் என்று தெரியாமலே நின்றேன். இன்று விட்டால் நாளையிலிருந்து அறுபத்திரண்டாவது விண்ணப்பம். ஆறேகாலுக்குத் தெருமுனையில் பேச்சுச் சத்தம் கேட்டது. வயல் வேலை முடித்துக் கூலி வாங்கிக்கொண்டு வந்த பெண்களும் ஆண்களும். செங்கல் சூளையிலிருந்து ஒரு கூட்டம். எல்லாரும் நேராக ஸ்வீட் கடைக்குத்தான் போனார்கள். நானும் போய்க் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் முப்பத்தொரு பேர்.

கரும்பலகையில் இருந்தது என் பெயர் அல்ல, விலை. பழைய விலையைவிடக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவு.

எனக்கு முன்னால் நின்ற அம்மாள் கடைக்காரரிடம் வாயாடிக்கொண்டிருந்தார். "இன்னாய்யா ரெண்டு ரூவாதான் கொறச்ச? பதினோரு டின்னுக்கு இன்னும் ஒரு ரூவா கொறையக் கூடாதா?"

"கொறையாது. நவுரு."

"நெய்யின்னு எழுதி வெச்சிக்கினு எங்கள இத்தினி வருசம் வாசல்லயே நிக்க வெச்சியே. மேல ஒருத்தரு கத்தினதாலதான் எங்களுக்கு எட்டற வெலைக்கு எறங்கின. மூணு கிலோ போடு. லட்டு கொஞ்சம் பெர்சா புடி."

என் முறை வந்தது. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீயா?"

"ஒரு கிலோ ஆர்டர்" என்றேன். குரல் வரவில்லை. அன்றைக்குப் பார்த்துத் தொண்டை கட்டியிருந்தது.

"இப்ப மட்டும் மெதுவாப் பேசு" என்று முணுமுணுத்துக்கொண்டே ஆர்டர் நோட்டில் எழுதினார். கணக்கு ஆபீசில் இருப்பவனுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாக வாசிக்க வரும். ஓரத்தில் வரிசை எண் போட்டிருந்தார். என்னுடையது இருநூற்று முப்பத்தெட்டு.

நான் நகரவில்லை. கழித்துப் பார்த்தேன். என்னுடையது போக, நூற்று முப்பத்தெட்டு ஆர்டர்கள் என் தாளில் ஏறவே இல்லை. ஆபீஸ் நேரத்தில் மட்டும் எண்ணியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்க்கவே இல்லை. பகலெல்லாம் வயலில் நிற்கிற ஊர், மூன்று மணிக்கா ஸ்வீட் வாங்க வரும்?

"இன்னா நோட்டையே பாக்கற? போய்க் கத்தப் போறியா?"

"இல்லைங்க. கணக்கு... எங்க ஆபீசுலயே..."

"இருக்கும், இருக்கும். எங்க போவப் போறேன்? காஞ்சிபுரத்துக்கு பஸ்சு சார்ஜி யாரு குடுக்கறது?" பிறகு குரலை உயர்த்தினார். "அதுக்காகக் கோவம் போய்டுச்சின்னு நெனைக்காத. இன்னும் கீது."

உள்ளே போய், நூல் கட்டிய ஒரு பெட்டியை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். "ஆடிட்டர் சாருக்கு. வருசா வருசம் போறது."

பெட்டி சூடாக இருந்தது. மூடியைத் தூக்காமலே வாசனை வந்தது. அப்போதுதான் எனக்கு எட்டியது. அந்த அரை கிலோ நெய் எங்கே போயிற்று என்று.

"இது..."

"சாமிக்கு முன்னால கொஞ்சம் வெப்பேன். மீதி ஒங்க ஆபீசுக்கு. கணக்கு எழுதறவங்க வாய்க்கு நல்லதாப் போவணும் இல்ல?" என்றார். பிறகு விரலைத் தூக்கினார். "இதயும் கத்தினே, அவ்ளோதான்."

மறுநாள் ஆடிட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் போட்டார். "எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லப்பா. அந்த நோட்டுலதான் ஏதோ தப்பு இருக்கு. நெய்னா இதுதான் நெய்." நான் பெட்டியின் நூலைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். டைப்பிஸ்ட் அம்மாளுக்கு மட்டும் புரை ஏறியது. நான் ஆர்டர் கொடுத்த வனஸ்பதி லட்டையும் அன்று வீட்டில் தின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. விரலில் வெள்ளையாக ஒட்டியது.

தீபாவளிக்கு அடுத்த வாரம் நிரந்தரமானேன். ஆடிட்டர் ஒரு நிபந்தனை போட்டார். கரண்ட் போனால் முதலில் நிற்பது எங்கள் மின்விசிறி. அது தயங்கியதுமே டைப்பிஸ்ட் அம்மாள் ஸ்கேலால் மேஜையைத் தட்ட வேண்டும், தட்டியதும் நான் வாயை மூட வேண்டும். அவர் கல்யாணமாகி ராஜகுளம் போகும்வரை ஒரு தடவைகூடத் தவறவில்லை.

ஆனால் தெருவை யார் தட்டி அடக்குவது? நான் அங்கே இருந்த வருடங்களில் எத்தனை முறை கரண்ட் போயிற்று என்று ஒரு டைரியில் குறித்திருக்கிறேன். எண்ணைச் சொன்னால் மின்சார வாரியத்துக்காரர்கள் வருத்தப்படுவார்கள். ஒவ்வொரு தடவையும் மிஷின் பெருமூச்சு விட்டு நிற்கும். மாவுக்கு வரிசையில் நிற்கிற பெண்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

"அப்பறம், சார்?" என்று ஒரு குரல் கேட்கும்.

நான் நோட்டை மூடிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருப்பேன். எதிர்ச் சாரியில் ஆறாவது கடையிலிருந்து உடனே பதில் வரும். "டேய், மேல! மூச்சு வுடாத!"